தொரையின் பாவாடையும் என் வேட்டியும்

என் இடுப்பில் வேட்டி நிற்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொல்கிறேன். சிலருக்கு மீசை ஒழுங்காக வளராது, சிலருக்கு நீச்சல் வராது. எனக்கு இடுப்பு கிடையாது. மார்பு எங்கே முடிகிறது, கால் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை அளவெடுக்கும் டெய்லரே தடவித் தடவித்தான் கண்டுபிடிப்பார். கரண்ட் கம்பத்துக்கு வேட்டி கட்டினால் எப்படி நிற்கும்? அப்படித்தான் என் மேலும் நின்றது. அதாவது, சரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் சூலூர்ப் பக்கம் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தேன். பாலிடெக்னிக் முடித்த எங்கள் செட்டுக்கு பேண்ட் என்பது உடுப்பு அல்ல, உடம்பின் ஒரு பாகம். வேட்டி எல்லாம் கல்யாணம், கருமாதி, கோயில் நோம்பி என்று வரும்போது மட்டும்தான். அப்படி ஒரு கல்யாணத்தில்தான் வினை பிடித்தது.

அத்தை மகளின் கல்யாணம். மண்டபத்தில் பந்தி. முறைப்பையன் என்பதால் என்னையும் பரிமாற விட்டார்கள். ஒரு கையில் சாம்பார் வாளி, இன்னொரு கையில் கரண்டி. வேட்டி கட்டியவனுக்கு ஒரு கையாவது சும்மா இருக்க வேண்டும் என்கிற அடிப்படை விஷயம் எனக்கு அன்றுதான் விளங்கியது. பாதி வரிசையைத் தாண்டும்போதே இடுப்பில் முடிச்சு இளகுவது தெரிந்தது. வாளியை விட்டால் சாம்பார் போகும். விடாவிட்டால் மானம் போகும். நான் யோசித்து முடிப்பதற்குள் மானம் போய்விட்டது.

கோடு போட்ட அண்டர்வேரோடு, வாளியையும் கரண்டியையும் ஏந்தியபடி நான் நின்றேன். பந்தி முழுக்க சிரித்தது. எனக்கு நேர் எதிரே, பச்சைத் தாவணி கட்டிய ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. இலையைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டு, பொறுமையாகச் சொன்னாள்.

"ஏனுங்க, மொதல்ல வாளியக் கீழ வெய்ங்க. பொறவு வேட்டிய எடுங்க."

அதுவரை என் வாழ்க்கையில் எனக்கு யாரும் இவ்வளவு உபயோகமான ஒரு யோசனையைச் சொன்னதில்லை. வாளியைக் கீழே வைத்தேன். வேட்டியை எடுத்தேன். அன்றிலிருந்து உறவுக்காரர்களுக்கு நான் சாம்பார் வாளி ஆனேன். "வாளி வருது, எலைய ஓரமா நவுத்துங்க" என்பார்கள். நான் அந்தக் குரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் யார் என்று விசாரிக்க வாய் வரவில்லை. எந்த அடையாளத்தைச் சொல்லி விசாரிப்பது?

அடுத்த வருடம் எங்கள் மில்லுக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு மெஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்கு ஒருவரும் கூடவே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல். சிவந்த முகம், பெரிய உடம்பு. மில்லில் எல்லோரும் தொரை என்றார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நானே ஒரு காலத்தில் கிளப்பிவிட்டிருந்த வதந்தியை நம்பி, மொதலாளி என்னை அவரோடு கோத்துவிட்டார். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதில் பாதி அவருக்குப் புரியாது. அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

தொரைக்கு எங்கள் ஊரில் பிடித்த விஷயம் சாப்பாடு அல்ல, வேட்டி. வாட்ச்மேன் வேட்டியை உதறிக் கட்டுவதை ஷோ பார்ப்பது போல நின்று பார்ப்பார். லுங்கியில் வரும் லோடுமேன்களைக் காட்டி, "எங்கள் ஊரிலும் ஆண்களுக்கு இது உண்டு" என்று என்னிடம் சொன்னார். நான் ஏதோ கேலி என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கெஸ்ட் ஹவுஸிலிருந்து பாவாடையோடு வெளியே வந்தார்.

கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை. சிவப்பும் பச்சையும் கலந்த கட்டம். பின்னால் முழுக்க மடிப்பு மடிப்பாக, முன்னால் தட்டையாக. வயிற்றுக்குக் கீழே ஒரு தோல்பை தொங்கியது. அகலமான தோல் பெல்ட். முழங்கால் இரண்டும் பீட்ரூட் மாதிரி வெளியே தெரிந்தன.

வாட்ச்மேன் என் காதருகே வந்தார். "ஏனுங்க, இது கான்வென்ட் புள்ளைக யூனிபாரமுங்களே. தொரைக்கு இத ஆரு குடுத்தாங்க?"

"அது அவிய ஊரு வேட்டிங்க."

வாட்ச்மேன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "காத்தோட்டமாத்தான் இருக்கும். ஆனா குளிருற ஊருன்னு சொன்னீங்களே?"

நியாயமான கேள்வி. அன்றைக்குத்தான் நான் கொஞ்சம் யோசித்தேன். சோமனூர்த் தறியில் ஓடுகிற லுங்கி கப்பலேறிப் போய் எந்தெந்த நாட்டு ஆண்களின் இடுப்பிலோ உட்காருகிறது. திருப்பூர் போனால் பனியன் வாங்க வந்த ஆப்பிரிக்க வியாபாரி, தரையைக் கூட்டும் அங்கியோடு டீக்கடையில் நிற்கிறார். எங்கள் தெருமுனை சர்ச்சில் பாதிரியார் வெள்ளை அங்கியோடுதான் டி.வி.எஸ். பிஃப்டி ஓட்டுகிறார். உலகத்தில் பாதி ஆண்கள் தைரியமாகக் காற்றை உள்ளே விட்டுக்கொண்டு திரிகிறார்கள். நான் மட்டும் இரண்டு குழாய்க்குள் காலை ஒளித்துவைத்துக்கொண்டு நாகரிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

யோசித்தேன், அவ்வளவுதான். திங்கட்கிழமை பேண்ட்டோடுதான் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா ஒரு ஜாதகத்தையும் போட்டோவையும் கொண்டுவந்தாள். பெண் சென்னிமலை. அப்பாவுக்கு அங்கே பெட்ஷீட் வியாபாரம். போட்டோவைப் பார்த்ததும் எனக்கு சாம்பார் வாசம் அடித்தது. அதே பெண்.

"கண்ணு, புடிச்சிருக்குதா?"

"புடிச்சிருக்குதும்மா."

"மொகத்தப் பாத்துச் சொல்லு. போட்டோவத் தலகீழாப் புடிச்சிருக்க."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை நான் எதையும் அவ்வளவு உறுதியாக ஆசைப்பட்டதில்லை. ஒரே பயம், அவள் என்னை அடையாளம் கண்டுகொள்வாளா என்பது. முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க மாட்டாள். அன்றைக்கு என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் பக்கத்து வீட்டு போனுக்கு பெண் வீட்டிலிருந்து ஒரு சேதி வந்தது. மாப்பிள்ளை பேண்ட் வேண்டாம், வேட்டியில்தான் வர வேண்டும்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நல்ல மரியாதப்பட்ட குடும்பம்" என்றாள். நான் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அப்பா தன் பச்சை பெல்ட்டை எடுத்து நீட்டினார். நாலு விரல் அகலத்தில், பர்ஸ் வைக்க பை தைத்த பெல்ட். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எல்லோர் வேட்டி மேலும் அதுதான் இருக்கும்.

"இதக் கட்டுனா எருமை இழுத்தாலும் அவுறாது" என்றார்.

"போங்கப்பா. பொண்ணு பாக்கப் போறனா, மாட்டுச் சந்தைக்குப் போறனா?"

அந்த வயதில் மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று இருக்கும். மூளைக்கு ரத்தம் போவதை அது நிறுத்திவிடும். நான் எனக்கென்று தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். சந்தன நிற பேண்ட் ஒன்றைப் போட்டு, பேண்ட் பெல்ட்டை இறுக்கி, கால்களை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, அதன் மேல் வேட்டியைக் கட்டினேன். அவிழ்ந்தாலும் கோடு போட்ட அண்டர்வேர் தெரியாது அல்லவா?

"என்ன கண்ணு, இடுப்பு திடீர்னு பெருத்துப்போச்சு?" என்றாள் அம்மா.

"சந்தோசத்துலம்மா."

பெண் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை தொரையைத் தனியே விட்டுப் போக முடியாது. மொதலாளியே வழி சொன்னார். "மில் அம்பாசிடர எடுத்துக்குங்க. தொரைக்கு சென்னிமலைக் கோயலக் காட்டுன மாதிரியும் ஆச்சு, நீங்க பொண்ணப் பாத்த மாதிரியும் ஆச்சு." இன்றைக்கு முக்கியமான நாள், அதனால்தான் வேட்டி கட்டியிருக்கிறேன் என்று தொரையிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது பாவாடையில் இருந்தார். முக்கியமான நாளுக்கு அவருடைய வேட்டி.

காரில் முன்னால் அப்பா. பின்னால் அம்மா, நான், தொரை. வழி முழுக்க நான் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடியே வந்தேன். வயிற்று வலியா என்று தொரை இரண்டு தடவை கேட்டார்.

பெண் வீட்டு வாசலில் பெண்ணின் அப்பாவும் உறவுக்காரர்கள் சிலரும் வேட்டியை மடித்துக் கட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கார் நின்றதும் எல்லோர் கையும் தானாகக் கீழே போனது, வேட்டிகள் பாதம் வரை இறங்கின. எங்கள் ஊரில் வாய்க்கால் தாண்ட மடித்துக் கட்டுவோம், வேலைக்கு மடித்துக் கட்டுவோம், அடிதடிக்கும் மடித்துக் கட்டுவோம். ஆனால் மரியாதைப்பட்டவர் எதிரே வந்தால் இறக்கிவிட்டே ஆக வேண்டும். இறக்கிவிடாமல் நிற்பவன் ஒன்று திமிர் பிடித்தவன், இல்லை சண்டைக்கு வந்தவன்.

தொரை இறங்கினார். முழங்கால் தெரிய, கால் இரண்டையும் அகட்டி, இடுப்பில் கை வைத்து, வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

பெண்ணின் அப்பா தொரையின் முழங்காலையே பார்த்தார். கனமான மனிதர், மீசையும் கனம். மெதுவாக என் பக்கம் வந்தார்.

"ஏனுங் மாப்ள. தொரை எதுக்குங்க மடிச்சுக் கட்டீட்டு நிக்கறாரு? கோவமா இருக்கறாருங்களா?"

"இல்லீங்க, அது வந்துங்க..."

"பெரியவிய நாலு பேரு நிக்கறம். எறக்கிவுடச் சொல்லுங்க."

அதை இறக்க முடியாது, அது அவ்வளவுதான் நீளம் என்று நான் தமிழிலேயே சொல்லியிருக்கலாம். யாருக்கும் எந்தச் சேதமும் வந்திருக்காது. ஆனால் மாமனார் ஆகப்போகிறவர் முதல்முதலாக ஒரு வேலை சொல்கிறார். நான் தொரையிடம் திரும்பி, என் பாலிடெக்னிக் இங்கிலீஷை எடுத்தேன்.

"சார், டேக் இட் டவுன்."

தொரை குனிந்து பாவாடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஹியர்?"

"எஸ் சார். ரெஸ்பெக்ட்."

அவர் முகம் முழங்காலின் நிறத்துக்கு வந்தது. அவர் என்ன நினைத்தார் என்று பிறகு சொன்னார். இந்த ஊரில் வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். ஒரு கோயிலில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், அதையும் கழற்றினார். பெண் பார்க்கும் வீட்டில் வழக்கம் இப்படிப்போல என்று முடிவு செய்திருக்கிறார். மலைக்கோயில் இருந்த திசையை ஒரு தடவை பார்த்தார். பெருமூச்சு விட்டார். பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினார்.

"நோ சார்! நோ!"

நான் பாய்ந்து இரண்டு கையாலும் தொரையின் பாவாடையை இறுக்கிப் பிடித்தேன்.

இரண்டு கையாலும்.

கணுக்காலில் வேட்டி வந்து விழுந்த சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். முழங்காலுக்கு மேல் சுருட்டிய சந்தன நிற பேண்ட்டோடு, ஒரு வெள்ளைக்காரரின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அப்போது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏனுங்க, மொதல்ல தொரைய உடுங்க! பொறவு வேட்டியப் புடிங்க!"

தொரையை விட்டேன். அவர் பாவாடை அப்படியே நின்றது. அதற்கு இடுப்பின் பக்கவாட்டில் தனியாக வார் இருந்ததாம். அந்தப் பெரிய பெல்ட் வெறும் அழகுக்குத்தான். இதை அவர் எனக்கு முன்னமே சொல்லியிருந்தாராம். எந்த இங்கிலீஷில் சொன்னாரோ.

வேட்டியை வாரிச் சுற்றிக்கொண்டேன். பெண்ணின் அப்பா என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"உள்ள பேண்ட்டுங்களா?"

"ஆமாங்க."

"பேண்ட்டுக்கு பெல்ட்டும் போட்டிருக்கறீங்க."

"ஆமாங்க."

"பெல்ட்டு உள்ள. வேட்டி வெளிய."

"ஆமாங்க."

"அப்ப வேட்டிய இத்தன நேரம் எதுங்க புடிச்சுட்டு இருந்துச்சு?"

"கைங்க."

அம்மா குறுக்கே வந்தாள். "அவிய அப்பா பச்ச பெல்ட்டக் குடுத்தாருங்க. சந்தைக்குப் போறவிய கட்டறதுன்னு வேண்டாம்னுட்டானுங்க."

பெண்ணின் அப்பா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். அங்கே அதே பச்சை பெல்ட் இருந்தது. சிரிக்கவில்லை. "உள்ள வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். காபியைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் துரத்துவதும் அப்படித்தான் நடக்கும்.

அந்த நேரத்தில் தொரை என் பக்கத்தில் வந்து, கையிலிருந்த தன் பெல்ட்டை என் வேட்டி மேல் சுற்றினார். அவர் இடுப்புக்கு அளவான பெல்ட், என்னைச் சுற்றி வந்து மிச்சம் முன்னால் தொங்கியது. ஆனால் வேட்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. வேட்டி கட்டிக்கொண்டு இரண்டு கையையும் வீசி நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவ்வளவு கேவலத்துக்கு நடுவிலும் அது சுகமாக இருந்தது என்பதை மறைக்க முடியாது.

உள்ளே உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பாவின் கண் அடிக்கடி தொரையின் மடிப்புப் பக்கம் போனது. துணி வியாபாரி அல்லவா, எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? எழுந்து போய் தொரையின் பக்கத்தில் உட்கார்ந்து, பாவாடை ஓரத்தை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

"கம்பளி. நல்ல சரக்கு. மடிப்பு வெச்சும் கட்டம் வெலகுல பாருங்க. எத்தன மொழமுன்னு கேளுங்க."

கேட்டேன். "எட்டு கஜமுங்க."

"எட்டு கஜமா! நம்மளுது எட்டு மொழம். அப்ப என்னாட்ட ரெண்டு பேர்த்தச் சுத்தறளவு துணிய வெச்சுட்டா முட்டி தெரிய நிக்கறாரு?"

தொரைக்கு அவர் கேட்டது எப்படியோ புரிந்தது. இந்தக் கட்டம் தன் குலத்துக்கு உரியது, ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் உண்டு என்று விளக்கினார். நான் மொழிபெயர்த்ததும் பெண்ணின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கம் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பங்காளிகள், அதற்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை.

"அப்ப கூட்டத்துக்கு ஒரு கட்டம்! நல்ல ஏற்பாடா இருக்குதே. பாத்த ஒடனே பங்காளியா, மாமன் மச்சானான்னு தெரிஞ்சுபோகும். தொரையோட சம்சாரம் என்ன கட்டமுங்க?"

கேட்டேன். "அதே கட்டம்தானுங்களாம்."

அவர் கையிலிருந்த துணியைப் பட்டென்று விட்டார். "பங்காளிக்குள்ளயா கட்டிக்கிட்டாரு!" தொரை ஏதோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, எல்லோரையும் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். அப்பா முதலில் சிரித்தார். பிறகு அம்மா. பிறகு அந்த வீடே சிரித்தது. கனமான மீசையும் கடைசியில் ஆடியது.

அவள் காபி கொண்டுவந்தாள். தொரைக்குக் கொடுத்தாள், பெரியவர்களுக்குக் கொடுத்தாள், என்னிடம் வந்ததும் தட்டை நீட்டி மெதுவாகச் சொன்னாள். "ஒரு கையில எடுங்க."

எனக்குத் தெரிந்துபோனது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அவளுடைய அப்பா உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "புள்ளைக்குச் சம்மதமுங்க" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "மாப்ள, நீங்க தப்பா நெனச்சுப்போடாதீங்க. பேண்ட்டு போட்டா வேண்டாம்ங்கற ஆளு நானில்லீங்க. வேட்டியிலதான் வரோணும்னு சொன்னது அவ."

நான் உள் அறைக் கதவுப் பக்கம் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. வளையல் சத்தம் மட்டும் உள்ளே ஓடியது.

கல்யாணத்துக்குள் மெஷின் வேலை முடிந்து தொரை ஊருக்குப் போய்விட்டார். போகும்போது பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. பதிலுக்கு என் மாமனார் நேரில் வந்து அவருக்கு சென்னிமலை பெட்ஷீட் ஒன்று கொடுத்தார். சிவப்பும் பச்சையும் கலந்த கட்டம்தான், ஆனால் வேறு கட்டம். "இது மாமன் மச்சான் கட்டமுங்க, தைரியமாப் போத்திக்கலாம்னு சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். தொரைக்கு என்ன புரிந்ததோ, மாமனாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று பட்டு வேட்டி. அதன் மேல், எல்லோரும் பார்க்கும்படி, தொரையின் தோல் பெல்ட். புதிதாக ஓட்டை போட்டு அளவு பிடித்திருந்தோம். மாமனார் மணமேடைக்கு வந்து கொக்கியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போனார்.

மாலை மாற்றி முடிந்து ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. நான் ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இன்னொரு கை, பழக்க தோஷத்தில், இடுப்பிலேயே இருந்தது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து கேட்டாள்.

"ஏனுங்க, வந்தவியளுக்கு ரெண்டு கையும் கூப்பிக் கும்புட மாட்டீங்களா?"

"எதுக்கு?"

"அன்னைக்குப் பந்தியில ஒருக்காப் பாத்தனுங்க. ஊட்டு வாசல்ல மறுக்காப் பாத்தனுங்க. இன்னைக்கும் விழுகுமான்னு பாக்கோணும்."

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மண்டபம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன். வேட்டி அசையவில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன்.

முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம் இருந்தது.